மேல் கண்ணாடி மூட மாட்டேங்குதா? மழை வரும் முன் இதை பாருங்க!

புன்னக்காயல்,

திருச்செந்தூரில் சவாரியை இறக்கி விட்டு ஊருக்கு திரும்புகிறீர்கள். ஆறுமுகநேரி தாண்டியதும் கிழக்கே வானம் கருக்கிறது. காற்று வாங்க திறந்து வைத்த சன்ரூப்பை மூட சுவிட்சை அழுத்துகிறீர்கள். கண்ணாடி பாதி வந்து நிற்கிறது. மறுபடி அழுத்தினால் வந்த வழியே திரும்பி போகிறது. முதல் துளி தலையில் விழுகிறது.

"அண்ணாச்சி, மேல் கண்ணாடி மூட மாட்டேங்கு... என்ன செய்ய?"

ஐப்பசி பிறந்தால் கார் ஷெட்களில் இப்படி ஒரு குரல் கேட்கத்தான் செய்யும். ஒரு காலத்தில் சன்ரூப் என்றால் பணக்காரர் வீட்டு கார். இப்போது அப்படி இல்லை. நெக்சான், வென்யூ, சோனெட், எக்ஸ்டர் போன்ற சிறிய கார்களின் பல மாடல்களிலும் வந்து விட்டது. சென்னை அருகே 2024-ம் ஆண்டு ஜனவரியில் சன்ரூப் தயாரிப்பதற்கென்றே ஒரு தொழிற்சாலை திறக்கப்பட்டது என்றால் பார்த்து கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கி வாடகைக்கு ஓட்டுபவர்களிடமும் இன்று சன்ரூப் கார் இருக்கிறது.

அது மூடாமல் போனால் உடனே "மோட்டார் போச்சு" என்று பயந்து விடுகிறோம். மோட்டார் போகாமலேயே மூடாமல் நிற்க பல காரணங்கள் உண்டு. தண்டவாளத்தில் மணல் சேர்ந்திருக்கும். அல்லது பேட்டரியை கழற்றி மாட்டியதில் சன்ரூப் தன் கணக்கை மறந்திருக்கும். இந்த இரண்டையும் வீட்டிலேயே சரி பார்க்கலாம். பைசா செலவு இல்லை.

நம்ம ஊரில் ஏன் அதிகம் கவனிக்க வேண்டும்?

புன்னக்காயல், தாமிரபரணி கடலில் சேரும் இடம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். உப்புக்காற்று வருடம் முழுக்க அடிக்கும். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வீசும் காற்று தேரிக்காட்டு செம்மணலையும் தூக்கி வரும். கடற்கரை மணல் தனி கணக்கு.

இந்த மணல் காரின் கூரையில் எங்கே போய் உட்காரும்? சன்ரூப் தண்டவாளத்தில்தான். அங்கே ஏற்கனவே கிரீஸ் தடவி இருப்பார்கள். கிரீசில் மணல் ஒட்டினால் உப்புத்தாள் மாதிரி ஆகி விடும்.

மழையும் நம் பக்கம் சொல்லிக் கொண்டு வருவதில்லை. 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. அவ்வளவு மழை வேண்டாம். ஒரு அரை மணி நேரம் அடித்து பெய்தாலே போதும். மூடாத சன்ரூப் வழியாக சீட், தரை விரிப்பு, அடியில் ஓடும் ஒயர் எல்லாம் நனைந்து விடும்.

வாடகை வண்டி என்றால் காய்கிற வரை சவாரி கிடையாது. ஈர நாற்றம் அடிக்கும் வண்டியில் யார் ஏறுவார்கள்?

சன்ரூப் எப்படி வேலை செய்கிறது?

கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி இரண்டு பாதை உண்டு. கூரைக்குள் ஒரு சிறிய மோட்டார் இருக்கும். அது இரண்டு கேபிள்களை தள்ளும், இழுக்கும். கேபிளோடு சேர்ந்து கண்ணாடி நகரும்.

மோட்டாரோடு ஒரு கட்டுப்பாட்டு கருவி உண்டு. கண்ணாடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்கை அது நினைவில் வைத்திருக்கும். மூடும்போது நடுவில் ஏதாவது தடுத்தால் "கை மாட்டி இருக்கு" என்று நினைத்து கண்ணாடியை பின்னால் அனுப்பி விடும். குழந்தைகளின் விரல் நசுங்காமல் இருக்க வைத்த பாதுகாப்பு இது. ஆனால் அதற்கு விரல் எது, மணல் எது என்று தெரியாது. தண்டவாளம் இறுகினாலும் திருப்பி அனுப்பும்.

இன்னொரு விஷயம் பலருக்கு தெரியாது. சன்ரூப் ரப்பர், தண்ணீரை முழுவதும் தடுக்காது. கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அதை பிடிக்க சுற்றிலும் ஒரு வாய்க்கால் இருக்கும். அதன் மூலைகளில் இருந்து மெல்லிய குழாய்கள் கதவு தூண்களுக்குள் இறங்கி, தண்ணீரை வண்டிக்கு வெளியே விடும். இந்த குழாய் அடைத்தால், கண்ணாடி மூடி இருந்தாலும் கார் உள்ளே ஒழுகும்.

நோய் என்ன? சத்தத்தை கேளுங்க!

சுவிட்சை அழுத்தி காதை கூரை பக்கம் வையுங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்து விடும்.

* சத்தமே இல்லை என்றால் பியூஸ், சுவிட்ச், ஒயர் அல்லது மோட்டார் கோளாறு. பேட்டரி மிகவும் இறங்கி இருந்தாலும் இப்படி ஆகும்.

* பாதி வந்து திரும்பி போகிறது என்றால் தண்டவாளத்தில் தடங்கல் அல்லது கணக்கு மறதி.

* அழுத்தும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் நகர்கிறது, ஒரே தொடுதலில் மூடவில்லை என்றால் பெரும்பாலும் கணக்கு மறதிதான். பேட்டரி மாற்றிய பிறகும், பியூஸ் மாற்றிய பிறகும் இது வரும்.

* மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி அசையவில்லை என்றால் கேபிள் அல்லது பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். இது ஷெட் வேலை.

* கண்ணாடி ஒரு பக்கம் முன்னே, ஒரு பக்கம் பின்னே என்று கோணலாக நிற்கிறது, 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறது என்றால் சுவிட்சில் இருந்து கையை எடுத்து விடுங்கள். மேலும் அழுத்தினால் கேபிள் அறுந்து விடும். கண்ணாடி உடையவும் செய்யலாம்.

* நாலைந்து தடவை திறந்து மூடி விளையாடிய பிறகு நின்று விட்டது என்றால் மோட்டார் சூடாகி இருக்கலாம். சில வண்டிகளில் சூடு ஏறினால் தானாகவே நிறுத்தி கொள்ளும். 10, 15 நிமிடம் விட்டு பாருங்கள்.

வழியில் மாட்டிக் கொண்டால்...

முதலில் வண்டியை ஓரமாக, பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். ஓட்டிக் கொண்டே மேலே பார்த்து சுவிட்சை தட்டக் கூடாது.

1. என்ஜினை ஆன் செய்து வையுங்கள். என்ஜின் ஓடாதபோது பேட்டரியில் 12 வோல்ட் சொச்சம்தான் இருக்கும். ஓடும்போது 14 வோல்ட் அளவுக்கு கிடைக்கும். தளர்ந்த பேட்டரியில் நின்று போன கண்ணாடி, என்ஜின் ஓடினால் மூடி விடலாம். ஏசி, லைட், பாட்டு எல்லாவற்றையும் நிறுத்தி விட்டு முயற்சி செய்யுங்கள்.

2. திறந்து கிடக்கும் வழியாக தண்டவாளத்தை பாருங்கள். வேப்பிலை, சிறு கல், சாக்லேட் தாள் எது வேண்டுமானாலும் இருக்கலாம். விரலில் துணியை சுற்றி இரண்டு பக்கமும் துடைத்து எடுங்கள். இந்த நேரத்தில் வேறு யாரும் சுவிட்சை தொடக் கூடாது.

3. சுவிட்சை மூடும் பக்கம் அழுத்தி, கையை எடுக்காமல் பிடித்து பாருங்கள். கொஞ்சம் நகர்ந்து நின்றால் விட்டு விட்டு மறுபடியும் அழுத்துங்கள். கணக்கு மறந்த சன்ரூப், பல வண்டிகளில் இப்படி கொஞ்சம் கொஞ்சமாக வந்து மூடி விடும்.

4. சத்தமே இல்லை என்றால் பியூஸ் பெட்டியை திறங்கள். பெரும்பாலும் ஸ்டியரிங்குக்கு கீழே இருக்கும். மூடியின் உள்பக்கம் எது சன்ரூப் பியூஸ் என்று எழுதி இருப்பார்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் பியூஸ் மட்டும் போடுங்கள். "அவசரத்துக்கு ஒயர் கம்பி வச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வண்டி தீப்பிடிக்க அதுவே போதும்.

5. சில மாடல்களில் கையால் மூடவும் வழி உண்டு. முன்பக்க உள் விளக்கு அருகே இருக்கும் மூடியை எடுத்தால் மோட்டாரின் நடுவில் ஆறு மூலை துளை தெரியும். சாவியை அணைத்து விட்டு அலன் கீயை மாட்டி மெதுவாக சுற்றினால் கண்ணாடி நகரும். உங்கள் வண்டியில் இந்த வசதி உண்டா என்பது கையேட்டில் இருக்கும். புதிய மாடல்கள் பலவற்றில் கிடையாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கண்ணாடியை கையால் பிடித்து இழுத்து மூட பார்க்காதீர்கள். 2 பேர் சேர்ந்து தள்ளினால் மூடி விடும் என்று தோன்றும். உள்ளே கேபிளின் பல் நழுவி விடும். சும்மா சரியாக வேண்டியது, பெரிய செலவில் முடியும்.

எதற்கும் மசியவில்லையா?

மழை வருவதற்குள் கூரையை துடைத்து உலர்த்துங்கள். அகலமான பிளாஸ்டிக் தாளை கூரை மேல் விரித்து, இரண்டு பக்கமும் கதவுக்குள் வருமாறு தொங்க விட்டு கதவை சாத்துங்கள். கதவே தாளை பிடித்து கொள்ளும். முன் விளிம்பை மட்டும் அகலமான டேப்பால் ஒட்டுங்கள். காற்று அங்கேதான் புகும். முன் கண்ணாடியை மறைத்து விடக் கூடாது.

கதவு ஓரத்தில் கொஞ்சம் ஈரம் வரலாம். பரவாயில்லை. மெதுவாக ஓட்டி வீடு வந்து சேருங்கள். உள்பக்கம் இழுத்து விடும் திரையை நம்பாதீர்கள். அது வெயிலுக்குத்தான், மழைக்கு அல்ல.

மறந்த கணக்கை சொல்லிக் கொடுப்பது எப்படி?

கண்ணாடி எப்படியோ மூடி விட்டது. ஆனால் ஒரே தொடுதலில் வேலை செய்யவில்லை. அப்படியானால் அதற்கு மறுபடியும் கணக்கு சொல்லிக் கொடுக்க வேண்டும். ஹூண்டாய் கார்கள் பலவற்றில் உள்ள முறை இதுதான்.

* என்ஜினை ஆன் செய்து, கண்ணாடியை முழுவதும் மூடி கையை எடுங்கள்.

* சுவிட்சை மூடும் பக்கம் அழுத்தி சுமார் 10 வினாடி விடாமல் பிடியுங்கள். கண்ணாடி லேசாக அசையும். அசைந்ததும் விட்டு விடுங்கள்.

* 3 வினாடிக்குள் மறுபடியும் அதே பக்கம் அழுத்தி பிடியுங்கள். கண்ணாடி தானாக முழுவதும் திறந்து, தானாக முழுவதும் மூடும். அது முடியும் வரை கையை எடுக்கக் கூடாது. நடுவில் எடுத்து விட்டால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மற்ற கம்பெனி வண்டிகளில் வினாடி கணக்கு மாறும். வண்டியோடு வந்த கையேட்டில் 'சன்ரூப்' பக்கத்தை ஒரு தடவை பார்த்து விட்டு செய்யுங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டியில் கையேடு இல்லை என்றால் பல கம்பெனிகளின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

கவனம்: கணக்கு சொல்லிக் கொடுக்கும் நேரத்தில் விரல் நசுங்காமல் காக்கும் பாதுகாப்பு வேலை செய்யாமல் போகலாம். பிள்ளைகளை வண்டியில் இருந்து இறக்கி விட்டு செய்யுங்கள்.

ஆடிக்காற்று ஓய்ந்ததும் ஒரு வேலை

வள்ளத்தை கரையேற்றி பழுது பார்ப்பது மாதிரி, சன்ரூப்புக்கும் வருடத்தில் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். காற்றுக்காலம் முடிந்து, ஐப்பசி அடைமழை தொடங்கும் முன் செய்து விட்டால் நல்லது. புரட்டாசி சரியான மாதம்.

கண்ணாடியை முழுவதும் திறந்து என்ஜினை அணைத்து சாவியை எடுத்து விடுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்சால் தண்டவாளத்து மணலை தட்டி எடுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்து பிழிந்த துணியால் உப்பை துடையுங்கள். கருப்பாகி போன பழைய கிரீசையும் துடைத்து விடுங்கள். நன்றாக காய்ந்ததும் கையேட்டில் சொன்ன கிரீசை மெல்லிசாக தடவுங்கள். அதிகம் தடவினால் அதிகம் மணல் ஒட்டும்.

மண்எண்ணெய், பெட்ரோல், என்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதுவும் ஊற்றாதீர்கள். எண்ணெய் மணலை இழுக்கும். பெட்ரோலும் மண்எண்ணெயும் ரப்பரை உப்ப வைத்து கெடுக்கும். ரப்பருக்கு சிலிக்கான் ஸ்பிரே போதும். அதையும் துணியில் அடித்து துடைக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர் வடியும் குழாய். ஒரு டம்ளர் தண்ணீரை வாய்க்கால் மூலையில் மெதுவாக ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் வண்டிக்கு அடியில் அந்த மூலை பக்கமாக சொட்ட வேண்டும். சொட்டவில்லை, தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றால் குழாய் அடைத்திருக்கிறது.

இதற்கு மருந்து நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. தடிமனான தூண்டில் நரம்பு! முனையை தீயில் லேசாக காட்டி மழுக்கி, மெதுவாக உள்ளே விட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இரும்பு கம்பியை விட்டால் குழாய் கிழியும். பஞ்சர் கடை காற்றை அழுத்தமாக அடித்தாலும் குழாய் உள்ளேயே கழன்று விடும். பிறகு கூரை துணியை பிரித்துத்தான் மாட்ட வேண்டும்.

வேப்பமரம், பூவரச மரத்தடியில் வண்டியை நிறுத்துகிறவர்கள் மாதம் ஒரு தடவை வாய்க்காலை துடையுங்கள். பூவும் சருகும்தான் குழாயை அடைக்கும்.

தண்ணீர் உள்ளே போய் விட்டதா?

மேலே துடைத்தால் போதாது. தரை விரிப்புக்கு அடியில் பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு இருக்கும். தண்ணீர் அங்கேதான் ஒளிந்து கிடக்கும். அடியில் ஒயர், பிளக், பல வண்டிகளில் ஏர்பேக் கருவியும் உண்டு. நம் ஊர் உப்புக்காற்றில் ஈரம் தங்கினால் பிளக்குகளில் பச்சை பூத்து விடும். அதிகம் நனைந்திருந்தால் பேட்டரி இணைப்பை கழற்றி விட்டு விரிப்பை எடுத்து வெயிலில் போடுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்தால் ஷெட்டில் காட்டாமல் ஓட்டாதீர்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தையும் தெரிந்து கொள்ளுங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தால் உங்கள் வண்டி சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழு பாலிசியில் வெள்ள சேதத்துக்கு இடம் உண்டு. ஆனால் சன்ரூப்பை திறந்து போட்டு விட்டு போனதால் நனைந்தது என்றால் கேள்வி வரும். கோளாறால் மூடவில்லை என்றால் அப்போதே போட்டோ எடுத்து வைத்து உடனே தகவல் சொல்லி விடுங்கள்.

ஷெட்டுக்கு போனால் கேளுங்க!

"கூரையை பிரிக்கணும், முழு செட்டும் மாத்தணும்" என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். பியூஸ் பார்த்தார்களா, தண்டவாளம் துடைத்தார்களா, கணக்கு சொல்லிக் கொடுத்து பார்த்தார்களா என்று கேளுங்கள். மோட்டாருக்கு கரண்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்து பார்க்க ரொம்ப நேரம் ஆகாது. பார்ட்சை மாற்றினால் பழையதை கையில் வாங்கி கொள்ளுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வாரண்டி இருக்கும் வண்டி என்றால் வெளியே பிரிக்கவே விடாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் சன்ரூப்பை 3 தடவை முழுவதும் திறந்து மூடி பாருங்கள். கூரை துணியில் மஞ்சள் கறை, உள்ளே ஈர வாடை இருந்தால் ஒழுகிய வண்டி. கம்பெனி போட்ட சன்ரூப்பா, வெளியே கூரையை அறுத்து வைத்ததா என்றும் கேளுங்கள். கம்பெனி தயாரித்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்துள்ளது. அறுத்த கூரை ஒழுகும். விபத்தில் தாங்கவும் செய்யாது.

பிள்ளைகள் தலையை நீட்ட வேண்டாம்

கடைசியாக ஒன்று. கோவில் கொடை, மாதா திருவிழா, கல்யாண ஊர்வலம் என்றால் பிள்ளைகளை சன்ரூப் வழியாக எழுந்து நிற்க விடுகிறோம். 2025 செப்டம்பரில் பெங்களூருவில் இப்படி நின்ற ஒரு சிறுவன், உயரமான வண்டிகளை தடுக்க சாலையில் வைத்த இரும்பு கம்பியில் மோதி தலையில் அடிபட்டான். பிரேக் அடித்தாலே போதும், கூரை விளிம்பு வயிற்றில் இடிக்கும். சன்ரூப் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும்தான். நிற்பதற்கு அல்ல.

புரட்டாசியில் ஒரு நாள். ஒரு பழைய பிரஷ், ஒரு துணி, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு முழம் தூண்டில் நரம்பு. இவ்வளவுதான் செலவு. இன்று வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தும்போது சன்ரூப்பை ஒரு தடவை திறந்து மூடி பாருங்கள். மூடவில்லை என்றால் வெயில் இருக்கும்போதே தெரிந்து விட்டது என்று சந்தோஷப்படுங்கள்!